விளக்கத்தில் நட்சத்திரக் குறி தெரிந்தால் ஆப் போலியா?

கேள்வி: லினக்ஸ் சாஃப்ட்வேர் சென்டரில் படம் வரையும் ஆப் ஒன்றைத் தேடினேன். விளக்கத்தில் வார்த்தைக்கு இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறி, வரி தொடக்கத்தில் # குறி. ஏதோ வைரஸ் என்று மூடிவிட்டேன். சரிதானே?

பதில்: வைரஸ் எழுதுகிறவர்கள் இவ்வளவு அசிரத்தையாக இருக்க மாட்டார்கள். டெவலப்பர் தன் ரீட்மீ (அறிமுக) கோப்பை மார்க்டவுனில், அதாவது * # போன்ற குறிகளால் எழுத்தை வடிவமைக்கும் முறையில் எழுதி, அதையே ஸ்டோர் விளக்கத்திலும் ஒட்டிவிட்டார், அவ்வளவுதான். லினக்ஸின் சாஃப்ட்வேர் சென்டர்களான க்னோம் சாஃப்ட்வேர், கேடிஇ டிஸ்கவர் இரண்டும் விளக்கத்தை ஆப்ஸ்ட்ரீம் என்ற பொது வடிவத்திலிருந்து எடுக்கின்றன. அந்த வடிவத்துக்குப் பத்தி, பட்டியல், அழுத்தம், கோட் என நாலைந்து டேக்தான் தெரியும். மற்றதெல்லாம் எழுத்து எழுத்தாக அப்படியே திரைக்கு வரும்.

அதே ஆப்பை, லினக்ஸ் ஆப்களின் பொதுக் களஞ்சியமான ஃப்ளாட்ஹப் தளத்தில் திறந்து பாருங்கள். அங்கேயும் குறிகள் தெரிந்தால் கோளாறு டெவலப்பர் பக்கம். அவருடைய கிட்ஹப் அல்லது கிட்லேப் பக்கத்தில் ஸ்கிரீன்ஷாட்டோடு ஒரு இஷ்யூ (குறை அறிவிப்பு) போடுங்கள். அங்கே ஒழுங்காக இருந்தால் உங்கள் கணினியில் பழைய கேஷ் (சேமித்து வைத்த நகல்) கிடக்கிறது. டெர்மினலில், ஃப்ளாட்ஹப் ஆப்களை நிறுவும் கருவியான ஃப்ளாட்பேக்கின் அப்டேட் கட்டளையை ஆப்ஸ்ட்ரீம் ஆப்ஷனோடு ஓட்டுங்கள். பிறகு லாக்-அவுட் செய்துவிட்டு வாருங்கள். க்னோம் சாஃப்ட்வேர் ஜன்னலை மூடினாலும் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும், பழையதையே காட்டும்.

இதற்காக அந்த ஆப்புக்கு ஒற்றை ஸ்டார் போட்டுவிட்டு வராதீர்கள். சும்மா கொடுக்கிறவர் வயிற்றில் அடிக்க வேண்டாம்.

கேள்வி: ஆண்ட்ராய்டுக்கான இலவச மென்பொருள் ஸ்டோரான எஃப்-டிராய்டில் ஒரு ஆப்பின் சுருக்க விளக்கம் பாதி வாக்கியத்தில் நிற்கிறது. மீதி எங்கே?

பதில்: சுருக்கத்துக்கு 80 எழுத்துதான் வரம்பு. மீதியை முழு விளக்கத்தில் தேடுங்கள்.

கேள்வி: விளக்கத்தில் "டார்க் மோட் உண்டு" என்று இருக்கிறது. நிறுவினால் இல்லை. இது ஏமாற்று இல்லையா?

பதில்: இல்லை. ஸ்டோரில் சீட்டு (விளக்கம்) ஒரு வழியில் வருகிறது, சரக்கு (ஆப்) வேறு வழியில் வருகிறது. ஒரே ஆப் உங்கள் டிஸ்ட்ரோவின் (நீங்கள் பயன்படுத்தும் லினக்ஸ் வகையின்) களஞ்சியத்திலும் இருக்கும், ஃப்ளாட்ஹப்பிலும் இருக்கும். டெபியன் ஸ்டேபிள் போன்ற டிஸ்ட்ரோக்கள் பழைய பதிப்பையே பிடித்து வைத்திருக்கும். ஸ்டோர் இரண்டையும் ஒரே பக்கத்தில் சேர்த்துக் காட்டும்போது, நீங்கள் படித்த விளக்கம் ஒன்றினுடையதாகவும் நிறுவியது மற்றொன்றாகவும் போய்விடலாம். அந்தப் பக்கத்தில் மூலத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டன் இருக்கும். அதை மாற்றி, பதிப்பு எண்ணைப் பார்த்த பிறகு நிறுவுங்கள்.

கேள்வி: ஒரு ஆபீஸ் தொகுப்பைப் பணம் கட்டி ஸ்டோரில் வாங்கினேன். அது இலவச மென்பொருள் என்று நண்பர் சிரிக்கிறார். விளக்கம் மிக நேர்த்தியாக இருந்ததே!

பதில்: நேர்த்தியாகத்தான் இருக்கும். திருடியவனுக்கு எழுதுகிற வேலை மிச்சம், அலங்காரம் செய்ய நேரம் கிடைக்கிறது. இந்த விஷயத்தில் எனக்கு நெடுநாள் எரிச்சல், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று: ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை, அதாவது மூல நிரலை எல்லோருக்கும் திறந்து வைத்த மென்பொருளை, விற்பது குற்றமல்ல. அவற்றில் பலவும் பயன்படுத்தும் ஜிபிஎல் உரிமமே விற்க அனுமதிக்கிறது. லிப்ரே ஆபீஸை உருவாக்கும் டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் 2022இல் மேக் ஆப் ஸ்டோரில் 8.99 யூரோ விலை வைத்தது. படம் வரையும் ஆப்பான கிரிட்டா தன் தளத்தில் இலவசம். ஸ்டீமிலும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலும் விலைக்கு. அந்தக் காசு உருவாக்குகிறவர்களுக்கே போகிறது, தாராளமாகக் கொடுங்கள். ஆகவே விலை இருப்பதை வைத்துப் போலி என்று சொல்லிவிட முடியாது. காசு யார் கைக்குப் போகிறது என்பதுதான் கேள்வி. 2022இல் மைக்ரோசாஃப்ட் தன் ஸ்டோரில் ஓப்பன் சோர்ஸ் ஆப்களுக்கு விலை வைப்பதையே தடுக்கப் பார்த்தது. நேர்மையாக விற்கும் டெவலப்பர்களும் சேர்ந்து அடிபடுவார்கள் என்று எதிர்ப்பு கிளம்ப, அந்த விதியைக் கைவிட்டது.

நான் ஒரு பிடிஎஃப் ஆப்பைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். பளபளவென்ற படங்கள், சுத்தமான பத்திகள். கடைசி வரி: "இந்த மென்பொருள் என்றும் இலவசம்; விரும்பினால் நன்கொடை தாருங்கள்." அசல் விளக்கத்தைத் தூக்கியவன் அந்த வரியை நீக்கக்கூட மெனக்கெடவில்லை. வாங்கிய பிறகுதான் கீழே வரை படித்தேன்.

பப்ளிஷர் பெயரை அழுத்தி, அவர் வேறு என்னென்ன விற்கிறார் என்று பாருங்கள். ஒரே ஆள் ஆபீஸ் தொகுப்பு, வீடியோ பிளேயர், ஃபோட்டோ எடிட்டர் மூன்றையும் "உருவாக்கியிருந்தால்" கிளம்பிவிடுங்கள். ஆப்பின் அசல் தளத்துக்குப் போய், அங்கிருந்து ஸ்டோருக்கு இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஃப்ளாட்ஹப்பில் சரிபார்க்கப்பட்ட டிக் இருந்தால், டெவலப்பர் தன் தளத்தையோ கிட்ஹப் கணக்கையோ நிரூபித்திருக்கிறார் என்று பொருள். டிக் இல்லாததெல்லாம் போலி அல்ல. பல ஆப்களைத் தன்னார்வலர்கள் பேக்கேஜ் செய்கிறார்கள்.

பணத்தைத் திரும்பக் கேட்க உடனே முயலுங்கள். கூகுள் பிளேயில் 48 மணி நேரம் தாண்டினால் டெவலப்பரிடம்தான் போய் நிற்க வேண்டும். ஸ்டீமில் 14 நாள் அவகாசம், ஓட்டிய நேரம் 2 மணிக்குள் இருக்க வேண்டும்.

கேள்வி: விளக்கம் குழம்பிக் கிடந்ததால் படிக்காமலே இன்ஸ்டால் செய்தேன். ஒரு வருடச் சந்தா பிடித்துவிட்டார்கள்.

பதில்: குழம்பியது விளக்கம்தானே? சந்தாத் தொகை கேட்ட திரை தெளிவாகத்தானே இருந்திருக்கும்! சந்தாவை இப்போதே ரத்து செய்யுங்கள். ஆப்பை நீக்கினால் மட்டும் சந்தா நிற்காது.

கேள்வி: கிரிப்டோ வாலட் ஒன்றை லினக்ஸ் ஸ்டோரில் நிறுவினேன். லோகோ, விளக்கம் எல்லாம் அசல் போலவே. "பாதுகாப்பானது" என்ற குறியும் இருந்தது. மீட்புச் சொற்களை (வாலட்டைத் திறக்கும் ரகசியச் சொற்களை) உள்ளிட்டதும் எல்லாம் போய்விட்டது. என் முட்டாள்தனம் என்று வீட்டில் திட்டுகிறார்கள்.

பதில்: திட்டுகிறவர்களிடம் இதைக் காட்டுங்கள். 2024 பிப்ரவரியில், கெனானிக்கல் நிறுவனம் நடத்தும் லினக்ஸ் ஸ்டோரான ஸ்னாப் ஸ்டோரில் இருந்த போலி எக்ஸோடஸ் வாலட்டில் ஒருவர் 9 பிட்காயின் இழந்தார். அதிலும் "பாதுகாப்பானது" என்றே இருந்தது. அந்தக் குறிக்கு, ஆப் உங்கள் கணினியின் மற்ற கோப்புகளைத் தொட முடியாது என்று மட்டுமே அர்த்தம். எழுதியவன் யோக்கியனா என்று அது சொல்வதில்லை. இதை ஒரு சாதாரண மனிதர் எப்படிப் புரிந்துகொள்வார்? குறியை வைத்தவர்கள்தான் வெட்கப்பட வேண்டும். அடுத்த மாதமே புதிய ஆப் பெயர்ப் பதிவுகளை ஆட்களே பார்த்துச் சரிபார்க்கும்படி கெனானிக்கல் மாற்றியது.

ஏதாவது மிச்சம் இருந்தால், புதிய மீட்புச் சொற்களோடு வேறு வாலட் உருவாக்கி உடனே மாற்றுங்கள். ஸ்டோர் பக்கத்தை முழுதாக ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். புகார் போனதும் அது மறைந்துவிடும். பிறகு சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். "இழந்ததை மீட்டுத் தருகிறேன், முன்பணம் கட்டு" என்று யாராவது அழைத்தால் அவனும் அதே கூட்டம்.

கேள்வி: மொபைல் மொழியைத் தமிழுக்கு மாற்றியும் பல ஆப்களின் விளக்கம் ஆங்கிலத்திலேயே வருகிறது.

பதில்: யாரும் மொழிபெயர்க்கவில்லை. வெப்லேட் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் கணக்கு தொடங்கி நீங்களே செய்யுங்கள்.