ஈயா, தேனீயா?

கேள்வி: அண்ணே, எங்க வீட்டு முருங்கைப் பூவுல எடுத்த ரெண்டு போட்டோ அனுப்பிருக்கேன். ரெண்டுலயும் மஞ்சள் கறுப்புப் பட்டை. மொபைல் ஆப் தேனீன்னு சொல்லுச்சு, க்ராப் பண்ணிப் போட்டா வேற பேரு சொல்லுது. எதத்தான் நம்புறது?
- ஒரு வாசகர், தேனி

பதில்: தேனிக்காரருக்கே தேனீயில டவுட்டா! மொதப் படம் தேனீதான், பின்னங்கால்ல மகரந்த உருண்டை ஒட்டிருக்கு பாருங்க. ரெண்டாவது சுத்தமான ஈ தம்பி, அந்தரத்துல அப்படியே நின்னு பறக்குமே, அந்த ஹோவர்ஃப்ளை வகை. பட்டையப் பாத்து ஏமாறாதீங்க, அது வேஷம், கொட்டுற பூச்சின்னு நெனச்சு குருவிங்க ஒதுங்கிப் போகத்தான். மூஞ்சியப் பாருங்க, தேனீக்கு உணர்கொம்பு நீளமா முழங்கை மாதிரி மடங்கிருக்கும், இதுக்கு ரெண்டு கண்ணுக்கும் நடுவுல குட்டியூண்டு கொம்புதான், அதுலேருந்து ஒரு முடி மட்டும் நீட்டிட்டு நிக்கும். தேனீக்கு நாலு றெக்க, ஈக்கு ரெண்டு, இது எல்லாரும் சொல்றதுதான், ஆனா தேனீ முன்றெக்கையையும் பின்றெக்கையையும் கொக்கி போட்டு ஒண்ணாக்கிக்கும், போட்டோவுல எண்ணுனா ரெண்டுன்னுதான் தோணும். அதனால கண்ண ஜூம் பண்ணுங்க. உங்க படத்துல கண்ணு பூரா புள்ளி புள்ளியா மை தெறிச்ச மாதிரி இருக்கே, அது ஹோவர்ஃப்ளையிலயே எரிஸ்டலைனஸ்ங்கிற பிரிவு. பூவுல நாசூக்கா தேன் குடிக்கிற இதோட புழு இருக்கிறது அழுக்குத் தண்ணியில, வாலு மாதிரி ஒரு குழாய மேல நீட்டி மூச்சு விடும்!

கேள்வி: சாம்பல் கலர்ல, முதுகுல கறுப்புக் கோடு போட்ட ஈ. வீட்டு ஈதான? ஆப் என்னமோ நீளமா லத்தீன் பேரு சொல்லுது.
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: கோட்ட எண்ணுங்கம்மா. வீட்டு ஈன்னா நாலு. உங்க படத்துல மூணுதான், வயித்துல வேற செஸ் போர்டு மாதிரி கட்டம், அப்ப அது ஃப்ளெஷ் ஃப்ளை, இறைச்சி ஈ. அதுக்கு மேல போட்டோவ வச்சு இனத்துப் பேரச் சொல்றது ரொம்பக் கஷ்டம், ஆண் ஈயோட இனப்பெருக்க உறுப்ப மைக்ரோஸ்கோப்புல பாத்துத்தான் பிரிப்பாங்க, முதுக மட்டும் பாத்துட்டு ஆப் முழுப் பேரு சொன்னா அது குத்துமதிப்புதான், இறைச்சி ஈங்கிற குடும்பப் பேரோட நிறுத்திக்கோங்க. அடுத்த தடவ மேலேருந்து ஒண்ணு, சைடுல ஒண்ணு, மூஞ்சி ஒண்ணுன்னு மூணு படம் எடுங்க, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போனா கொஞ்சம் அசையாம உக்காந்திருக்கும். அப்புறம், இது முட்ட போடாம நேரா புழுவாவே போட்டுட்டுப் போயிரும், மீன் கழுவி வச்ச சட்டிய மூடியே வைங்க.