கேம் சர்வருக்குத் தவணையில் கம்ப்யூட்டர் வாங்கலாமா?

கேள்வி: நண்பர்கள் 15 பேர் தினமும் இரவில் மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு ஆடுகிறோம். எங்களுக்கென்று ஒரு சர்வர், அதாவது எல்லோரும் சேர்ந்து ஆடும் உலகத்தை ஓட்டும் கம்ப்யூட்டர், வைக்க ஆசை. 16 கோர் பிராசசர், 64 ஜிபி ரேம், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டரை இரண்டு வருடத் தவணையில் எடுக்க நினைக்கிறேன். ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத் தவணையைக் கட்டிவிடலாம் என்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. எடுக்கலாமா?

பதில்: தவணையில் வேண்டாம். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போவது நீங்கள் ஒருவர்தான். நாலு மாதத்தில் பாதிப் பேர் வேறு கேமுக்குப் போய்விட்டாலும் மாதா மாதம் உங்கள் சம்பளத்திலிருந்துதான் பணம் போகும்.

அதைவிட முக்கியம், நீங்கள் பட்டியல் போட்டிருப்பதில் பாதி இந்த வேலைக்குத் தேவையே இல்லை. சர்வர் படம் எதையும் வரைவதில்லை. அது உங்கள் நண்பர்களின் கம்ப்யூட்டர் செய்யும் வேலை. ஆக, கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகும் பணம் வீண். மைன்கிராஃப்ட் சர்வர் நொடிக்கு 20 முறை உலகத்தைப் புதுப்பிக்கிறது. ஒவ்வொரு முறைக்கும் கிடைப்பது 50 மில்லி நொடி. அந்த வேலையில் பெரும்பகுதி பிராசசரின் ஒரே கோரில், அதாவது கணக்குப் போடும் ஒரே பகுதியில்தான் ஓடுகிறது. அதனால் 16 கோர் இருந்தும் ஒவ்வொன்றும் மந்தமாக இருந்தால் ஆட்டம் திக்கும். நாலு கோர் வேகமாக இருந்தால் போதும். மோட் (கேமை மாற்றும் கூடுதல் நிரல்) அதிகம் போடாத 15 பேருக்கு 8 ஜிபி ரேம் தாராளம். எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் மட்டும் கட்டாயம்.

அப்புறம் கரண்ட் பில். இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. 150 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் இரவு பகலாக ஓடினால் நாளுக்கு 3.6 யூனிட், வருடத்துக்கு 1,314 யூனிட். 25 வாட் இழுக்கும் சின்ன மினி பிசி என்றால் வருடத்துக்கு 219 யூனிட்தான். இன்னொன்று, பல வீட்டு இன்டர்நெட் இணைப்புகளில் பொது ஐபி முகவரி, அதாவது வெளியிலிருந்து உங்கள் இணைப்பைக் கண்டுபிடிக்க உதவும் எண், தனியாகத் தருவதில்லை. அது இல்லாமல் நண்பர்கள் உங்கள் சர்வருக்குள் நேரடியாக நுழைய முடியாது. கேட்டு வாங்கினால் மாதக் கட்டணம் ஏறலாம். முதலில் இதை விசாரியுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? மூன்று மாதம் வாடகை சர்வர் எடுங்கள். ஸ்பார்க் என்ற இலவசக் கருவியைப் போட்டு, எல்லோரும் ஆடும் நேரத்தில் உலகத்தை ஒரு முறை புதுப்பிக்க எத்தனை மில்லி நொடி ஆகிறது, எவ்வளவு ரேம் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் தேவை என்ன என்பது அப்போதுதான் எண்ணாகத் தெரியும்.

அதன் பிறகு வாங்குவதா என்று கணக்குப் போடலாம். கம்ப்யூட்டர் விலை 24 மாத வாடகைக்குச் சமம், மின்சாரம் மாத வாடகையில் கால் பங்கு என்று வையுங்கள். மாதம் மிச்சமாவது முக்கால் வாடகை. போட்ட பணம் திரும்ப 32 மாதம் ஆகும். அதுவரை இதே 15 பேர் ஆடுவார்களா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். பயன்படுத்திய மினி பிசி எட்டு மாத வாடகைக்குக் கிடைத்து, மின்சாரமும் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கினால் ஒன்பது மாதத்தில் முதல் வந்துவிடும். அதைக் கையிருப்பிலேயே வாங்குங்கள். வீட்டில் சும்மா கிடக்கும் லேப்டாப் இருந்தால் அதையே முதலில் ஓட்டிப் பாருங்கள்.

நண்பர்களின் பங்கை மூன்று மாதத்துக்கும் சேர்த்து இப்போதே வாங்கிவிடுங்கள். எத்தனை பேர் உண்மையில் கொடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, அந்தத் தலைக்கணக்குக்கு ஏற்ற சர்வரை எடுங்கள்.