மளிகை லிஸ்ட்டும் ஜிம் லிஸ்ட்டும்

கேள்வி: என் மகனுக்கு 21 வயது. இன்ஜினீயரிங் கடைசி வருடம் படிக்கிறான். எடை 58 கிலோ. நான்கு மாதமாக வீட்டுக்குப் பக்கத்தில் ஜிம்முக்குப் போகிறான். அங்கே இருக்கும் கோச் ஒரு லிஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார். வே புரோட்டீன் 2 கிலோ டப்பா 6,600 ரூபாய், அப்புறம் மாஸ் கெய்னர், பிசிஏஏ, கிரியாட்டின், ப்ரீ ஒர்க்அவுட். அவரிடமே வாங்கினால் மொத்தம் 14,500 ரூபாயாம். என் கணவர், "கிட்னி போயிடும், அந்த டப்பா வீட்டுக்குள்ளயே வரக்கூடாது" என்கிறார். பையன் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. வாங்கித் தரலாமா? நாங்கள் முட்டை சாப்பிடுவோம். கறி ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.
- ஒரு வாசகி, கொளத்தூர், சென்னை

பதில்: சகோதரி, லிஸ்ட்டை விலையோடு அனுப்பியது நல்லதாகப் போயிற்று. பாதிப் பேர் "ஏதோ பவுடராம்" என்று எழுதுவார்கள். அதற்கு நானும் ஏதோ பதில்தான் எழுத முடியும். உங்கள் லிஸ்ட்டில் இருக்கும் ஐந்தும் ஒரே ஜாதி இல்லை. ஆகவே மொத்தமாக "வாங்குங்கள்" என்றோ "வேண்டாம்" என்றோ சொல்லப்போவதில்லை.

முதலில் பெரிய டப்பா. பாலில் எலுமிச்சை பிழிந்து பனீர் செய்திருப்பீர்கள். துணியில் வடிகட்டிய பிறகு லேசான பச்சையாக ஒரு தண்ணீர் நிற்குமே, சப்பாத்தி மாவு பிசையப் பாதி, செடிக்குப் பாதி என்று ஊற்றுவோமே, அதுதான் வே. வெளிநாட்டுச் சீஸ் தொழிற்சாலைகளில் ஒரு காலத்தில் அதை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் தவித்தார்கள். இன்றைக்கு அதையே வடிகட்டி, உலர்த்தி, சாக்லேட் வாசனை சேர்த்து டப்பாவில் அடைக்கிறார்கள். பாலில் இருக்கும் புரதத்தில் ஐந்தில் ஒரு பங்கு இது. மீதி சீஸ் கட்டியில் போய்விடுகிறது. இதில் மாயமும் இல்லை, விஷமும் இல்லை. சட்டப்படி, "மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல" என்று டப்பாவிலேயே அச்சடித்திருக்க வேண்டும். கடையில் தேடிப் பாருங்கள், பொடி எழுத்தில் இருக்கும்.

இது உணவுதான் என்று புரிந்துகொண்டால், மளிகைக் கணக்குப் போடுவதுபோலவே கணக்குப் போடலாம். 2 கிலோ டப்பாவில் ஏறக்குறைய 60 கரண்டி வரும். கரண்டிக்கு 110 ரூபாய். கிடைக்கும் புரதம் சுமார் 24 கிராம். அதே 24 கிராம் நான்கு முட்டையில் இருக்கிறது. நாமக்கல் முட்டை ஏழு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 28 ரூபாய். மீல் மேக்கர் என்றால் ஐம்பது கிராம் போதும், இன்னும் மலிவு. ஆனால் கிலோ ஆயிரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும் மட்டனில் அதே புரதம் வேண்டுமென்றால் 120 கிராம் வாங்க வேண்டும், அதாவது 120 ரூபாய். ஆகவே அந்த டப்பா பகல் கொள்ளை என்று சொல்ல முடியாது. மட்டன் விலையில் ஒரு பால் பொருள், அவ்வளவுதான். தினமும் மட்டன் வாங்குவீர்களா என்று கேட்டால் என்ன சொல்வீர்களோ, அதையே இதற்கும் சொல்லுங்கள்.

சரி, உங்கள் பையனுக்கு எவ்வளவு வேண்டும்? ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி சாதாரண ஆளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 58 கிலோவுக்கு 48 கிராம். எடை தூக்குகிறவனுக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும், கிலோவுக்கு 1.2 முதல் 1.6 வரை. அதற்கு மேல் போட்டாலும் தசைக்குப் பெரிதாகக் கூடுதல் பலன் இல்லை. ஆக 70 முதல் 90 கிராம் வரை வந்தால் தாராளம். கோச் 150 என்று சொல்லியிருப்பார். இந்த வயதுப் பையன்கள் என்னிடம் வந்து சொல்லும் எண் அதுதான்.

இப்போது தட்டைப் பாருங்கள். நீங்கள் எழுதவில்லை, நானே ஊகிக்கிறேன். காலையில் நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி: 9 கிராம். மதியம் டப்பாவில் எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல்: 8. சாயந்திரம் காலேஜ் வாசலில் டீ, சமோசா: 4. ராத்திரி மூணு தோசை, மறுபடியும் சட்னி: 9. படுக்கும்போது ஒரு டம்ளர் பால்: 8. கூட்டினால் 40-க்கு ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கிறது. உங்கள் பையன் சொல்வதில் நியாயம் இருக்கிறது சகோதரி, பற்றாக்குறை உண்மைதான். அது சென்னையில் முக்கால்வாசி வீட்டுத் தட்டில் இருக்கும் பற்றாக்குறை. நாம் சாம்பார் என்று சொல்லும் ரசத்தில் பருப்பு எங்கே இருக்கிறது?

குறைவது முப்பது, நாற்பது கிராம். மூன்று முட்டை, 18. மதிய டப்பாவில் வறுவலுக்குப் பதிலாக ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், 10. ராத்திரி தோசைக்கு மீல் மேக்கர் குருமா, முப்பது கிராம் உருண்டை போட்டால் 15. முடிந்தது. ஜிம் முடித்து அரைமணி நேரத்துக்குள் குடிக்காவிட்டால் எல்லாம் வீண் என்று அவன் பதறுவான். அப்படி ஒன்றும் இல்லை. நாள் முழுக்க மொத்தம் எவ்வளவு உள்ளே போகிறது என்பதுதான் கணக்கு. புரதம் என்பது அமினோ அமிலம் என்ற சின்னச் சின்னத் துண்டுகள் கோத்த மாலை. அரிசியும் பருப்பும் சேர்ந்தால் ஒன்றில் குறைவாக இருக்கும் அமினோ அமிலத்தை இன்னொன்று ஈடுகட்டிவிடும். வெண்பொங்கலை இளப்பமாக நினைக்க வேண்டாம், பருப்பை மட்டும் கை தாராளமாகப் போடுங்கள்.

கிட்னி விஷயத்துக்கு வருகிறேன், இதை உங்கள் கணவரிடம் படித்துக் காட்டுங்கள். ஆரோக்கியமான சிறுநீரகத்தை இந்த அளவுப் புரதம் கெடுப்பதில்லை. ஏற்கெனவே பழுது இருந்தால்தான் ஆபத்து. பழுது இருப்பது நிறையப் பேருக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல். வீட்டில் யாருக்காவது சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு இருந்தால் பையனுக்கு ஒருமுறை பி.பி. பார்த்து, ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு, லிஸ்ட்டில் இருக்கும் கிரியாட்டின் இல்லை), சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், இரண்டுக்கும் பரிசோதனை செய்துவிடுங்கள்.

எனக்கு பயம் கிட்னியைப் பற்றி இல்லை, டப்பாவுக்குள் எழுதியிருப்பது இருக்கிறதா என்பதைப் பற்றித்தான். புரதத்தை அளக்கும் பழைய சோதனை, உண்மையில் நைட்ரஜனைத்தான் அளக்கிறது. ஆகவே நைட்ரஜன் உள்ள மலிவான கிளைசின், டாரின் என்று எதையாவது கலந்தால் காகிதத்தில் புரதம் ஏறிவிடும். 2008-ல் சீனாவில் பால் பவுடரில் மெலமின் கலந்து லட்சக்கணக்கான குழந்தைகளை நோயில் தள்ளியதும் இந்த ஓட்டை வழியாகத்தான். நம் ஊரிலும் 2024-ல், கேரளத்து மருத்துவர்கள் இருந்த ஒரு குழு இந்தியச் சந்தையில் கிடைக்கும் 36 புரதப் பவுடர்களைச் சோதித்து வெளியிட்டது. ஏறக்குறைய 70 சதவீதத்தில் லேபிளில் போட்ட புரத அளவும் உள்ளே இருந்ததும் ஒத்துப்போகவில்லை. சுமார் 14 சதவீதத்தில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சும் இருந்தது.

போன வருடம் ஒரு பையன் தன் டப்பாவை என் மேஜைமேல் வைத்தான். வயிறு உப்புசம், வாரக்கணக்கில். இறக்குமதியாளர் ஸ்டிக்கரின் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தால் உரித்தால் அடியில் இன்னொரு தேதி, அதுவும் எட்டு மாதத்துக்கு முன்பே முடிந்த தேதி. மேலே இருந்த வெள்ளி சீல் கோணலாக ஒட்டியிருந்தது. எங்கே வாங்கினாய் என்றேன். "ஜிம்லயே அண்ணா பாதி விலைக்குக் கொடுத்தாரு மேடம்." (உப்புசத்துக்கு வேயில் இருக்கும் பால் சர்க்கரையான லாக்டோஸும் காரணமாக இருக்கலாம், பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது வரும். ஆனால் அந்த ஸ்டிக்கருக்கு லாக்டோஸ் பொறுப்பில்லை.)

எனவே எப்போதாவது வாங்குவதானால் கோச்சிடம் வேண்டாம். பில் தரும் கடையில், ஒரு கிலோவுக்கு மேல் இல்லாமல், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். முன்பக்கம் கொட்டை எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, பின்பக்கம் "100 கிராமுக்கு" என்ற பத்தியைப் பாருங்கள். புரதம் 75-க்கு மேல் இருந்தால் பரவாயில்லை. தேர்வுக் காலம், வேலைக்குப் போய் அறையில் தங்கும் காலம் என்று முட்டை வேகவைக்கவும் நேரமில்லாதபோது ஒரு கரண்டி கைகொடுக்கும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி, உடம்பை ஏற்றப் புரதப் பவுடரே வேண்டாம் என்கிறது. நான் அவ்வளவு கறாராக இல்லை.

மாஸ் கெய்னரில் மட்டும் கறார்தான். அதே "100 கிராமுக்கு" பத்தியைப் பாருங்கள், பெரும்பாலும் புரதம் இருபதைத் தாண்டாது. மீதி மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது மாவுச்சத்தைச் சர்க்கரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்த ஒரு தூள். தொண்ணூறுகளில் என் தம்பி இப்படி ஒரு டப்பாவைச் சேமிப்புப் பணத்தில் வாங்கி ஆறு மாதம் குடித்தான். தொப்பை வந்தது. டப்பா நல்ல உறுதி, இன்னும் அம்மா வீட்டில் துவரம்பருப்பு அதில்தான். உடம்பு ஏற வேண்டுமென்றால் இரண்டு நேந்திரம்பழம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, கூட ஒரு கரண்டி சாதம் போதும்.

பிசிஏஏ வீண். அதில் இருக்கும் மூன்று அமினோ அமிலங்களும் முட்டையிலேயே இருக்கின்றன.

கிரியாட்டின் மட்டும், ஆச்சரியமாக, சொன்னதைச் செய்யும் பொருள். கறியிலும் மீனிலும் இயற்கையாகவே இருப்பது. வாரம் ஒருநாள் கறி சாப்பிடும் வீட்டில் உடம்பில் இருப்பு குறைவாகத்தான் இருக்கும். தினம் 3 கிராம் எடுத்தால் கடைசி இரண்டு மூன்று முறை எடையைத் தூக்கக் கொஞ்சம் தெம்பு கிடைக்கும். முதல் சில வாரத்தில் ஒரு கிலோ ஏறினால் அது தண்ணீர், தசை என்று செல்ஃபி எடுத்து மகிழ வேண்டாம். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் லேசாகக் கூடிக் காட்டலாம். அதனால் பரிசோதனையை இதை ஆரம்பிப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள், பிறகு எப்போது செய்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் ஜிம்முக்குப் போய் நாலு மாதமே ஆன பையனுக்கு இதற்கு அவசரமே இல்லை.

ப்ரீ ஒர்க்அவுட், அதாவது எடை தூக்குவதற்கு முன்பு கரைத்துக் குடிக்கும் பவுடர், வேண்டாம். ஒரு கரண்டியில் 200, 300 மில்லிகிராம் காஃபீன் என்பது இரண்டு மூன்று டம்ளர் ஸ்ட்ராங் காபியை ஒரே மடக்கில் விடுவது மாதிரி. அதைக் குடித்துவிட்டு, கத்திரி வெயிலில், ஏசி இல்லாத ஷட்டர் கடை ஜிம்மில் எடை தூக்கினால் நெஞ்சு படபடக்காமல் என்ன செய்யும்?

லிஸ்ட்டில் இல்லாத ஒன்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பவுடரில் ஆரம்பித்து "ரிசல்ட் வரல, ஒரு ஊசி போட்டுக்கோ" என்று முடியும் ஜிம்கள் இருக்கின்றன. ஸ்டீராய்டு ஊசி முகப்பருவில் தொடங்கி, ஆண்களுக்கு மார்பு வளர்ந்து, விரை சுருங்குவது வரை கொண்டுபோய்விடும். ஆபரேஷன் தியேட்டரில் ரத்த அழுத்தம் விழும்போது போடும் மெஃபென்டர்மின் மருந்தையும் சில இடங்களில் தெம்புக்கென்று போட்டுக்கொள்கிறார்கள், அது இதயத்தை நேராகத் தாக்கும். அப்பா கேட்டால் சண்டைதான் வரும். நீங்களே, சாப்பாடு போடும்போது, சாதாரணமாகக் கேளுங்கள்: "அங்க யாராச்சும் ஊசி போட்டுக்கறாங்களாப்பா?" அவன் தான் போடவில்லை என்று உடனே சொல்வான். யார் போடுகிறார்கள் என்பதையும் சொல்வான். கோச் பேரும் அதில் வந்தால் ஜிம்மை மாற்றிவிடுங்கள், கட்டிய பணம் போனால் போகட்டும்.

தம்பி, அம்மா இந்தப் பக்கத்தை உன்னிடம் நீட்டியிருப்பார் என்பதால் உனக்கும் இரண்டு வரி. புதிதாக ஆரம்பித்தவனுக்கு எல்லாம் சரியாக நடந்தாலே மாதம் அரை கிலோ, முக்கால் கிலோ தசைதான் ஏறும். நாலு மாதம் என்பது ஒன்றுமே இல்லை. ராத்திரி இரண்டு மணிவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதுவும் ஏறாது. மூன்று மாதம் தட்டை மாற்று. ஒவ்வொரு ஞாயிறும் காலையில் எடையும், டேப்பில் கை அளவும், எத்தனை கிலோ தூக்கினாய் என்பதும் ஒரு நோட்டில் எழுது. அப்புறமும் புரதம் குறைகிறது என்று அந்த நோட்டு காட்டினால், ஒரு கிலோ டப்பாவுக்கு நானே உன் அப்பாவிடம் சிபாரிசு செய்கிறேன்.

சகோதரி, நாளைக் காலையிலிருந்து மூன்று முட்டை. வேகவைத்து உரிக்கும் வேலையை அவனிடமே விட்டுவிடுங்கள்.