இடைவேளை முடிஞ்சும் எதிரணி வரலைன்னா?

தம்பி, உங்க கால்பந்து ஆட்டத்துல இடைவேளைக்குப் பிறகு எதிரணி 10 நிமிஷம் தாமதமா இறங்கியும் ரெஃப்ரி உங்களுக்கு வெற்றி தரலைன்னு எழுதியிருக்கீங்க. கோபம் நியாயம்தான், ஆனா அவர் செஞ்சது சரி. இடைவேளை 15 நிமிஷத்தைத் தாண்டக்கூடாதுன்னு கால்பந்து விதி 7 சொல்லுது. அதை மீறினாலும் வெற்றியை அறிவிக்கிற அதிகாரம் ரெஃப்ரிக்குக் கிடையாது. நான் விசில் ஊதுற ஆட்டத்துல முதல்ல லைன்ஸ்மேனை அனுப்பி அறைக் கதவைத் தட்டச் சொல்வேன். அவங்க கோட்டுக்குள்ள கால் வைக்கிற நிமிஷத்தை என் குறிப்பு அட்டையில எழுதிக்குவேன். அந்தக் குறிப்புதான் அறிக்கையில போகும். தண்டனை போட்டி நடத்துறவங்க கையில. இங்கிலாந்து கிளப் மான்செஸ்டர் சிட்டி, ஆட்டத் தொடக்கத்துலயும் இடைவேளைக்குப் பிறகும்னு 22 தடவை தாமதம் பண்ணினதுக்கு, 2024-ல அந்த நாட்டுப் பெரிய கால்பந்துப் போட்டியான பிரீமியர் லீக் 20 லட்சம் பவுண்டுக்கு மேல அபராதம் போட்டுச்சு. புள்ளியில கை வைக்கல. உங்க போட்டி விதிகள்ல எத்தனை நிமிஷம் காத்திருக்கணும்னு இருக்கான்னு பாருங்க. இருந்தா, இன்னைக்கே எழுத்துல புகார் கொடுத்துடுங்க.