அலெக்சாண்டர் என்றொரு பேரன்

வணக்கம். போன மாதம் எனக்குப் பேரன் பிறந்தான். மகனும் மருமகளும் அலெக்சாண்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே சரித்திரத்தில் ஆசை. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. ஊர் ஊராகப் படையெடுத்துப் போனவனின் பெயரைப் பச்சைக் குழந்தைக்கு வைக்கலாமா? அதற்கு அர்த்தம்தான் என்ன? சிக்கந்தர் என்பதும் இதே பெயர்தான் என்கிறார்களே, உண்மையா? என் மனைவிக்கு அது வாயிலேயே நுழையவில்லை.
ஒரு வாசகர், மன்னார்குடி

அன்புள்ள ஐயா,

பேரன் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்கட்டும். அர்த்தத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், பாதி வருத்தம் அதிலேயே தீர்ந்துவிடும்.

கிரேக்கத்தில் 'அலெக்ஸோ' என்றால் காக்கிறேன், தீங்கு வராமல் தடுக்கிறேன் என்று பொருள். 'அனேர்' என்றால் ஆண். வேற்றுமை ஏற்கும்போது அது 'அந்த்ரோஸ்' ஆகும். இரண்டும் சேர்ந்தது அலெக்ஸாந்த்ரோஸ், மனிதரைக் காப்பவன். 'அனேர்' எப்படி 'அந்த்ரோஸ்' ஆயிற்று என்று தோன்றலாம். 'ன்'னை அடுத்து 'ர்' வந்தால் நாக்கு நடுவில் ஒரு ஒலியைத் தானாகவே போட்டுக்கொள்ளும். நாமும் 'மன்றம்' என்று எழுதிவிட்டு 'மன்ட்ரம்' என்றுதானே சொல்கிறோம்?

இன்னொன்றும் உண்டு, இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 'அலெக்ஸ்' என்ற வேரும் வடமொழி 'ரக்ஷ்' என்ற வேரும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை என்பது மொழியியலாளர்கள் கணிப்பு. 'அனேர்', 'நர' இரண்டும் அப்படியே. கிரேக்கத்தில் இரண்டு சொல்லுக்கும் முன்னால் ஓர் அகரம் நிற்கிறது, வடமொழியில் அது இல்லை. அங்கே லகரம் வரும் இடத்தில் இங்கே ரகரம். ரட்சிக்க வேண்டும் என்று நாம் சாமியிடம் கேட்கிறோமே, அந்த ரட்சிப்புதான் உங்கள் பேரன் பெயரின் முன்பாதி. நரரட்சகன் என்று சொல்லிப் பாருங்கள், அந்நியமாகவா இருக்கிறது?

படையெடுத்தவன் பெயர் என்கிறீர்கள். உங்கள் கசப்பு நியாயமானதுதான். கி.மு. 335-இல் தீப்ஸ் நகரத்தைத் தரைமட்டமாக்கி, உயிரோடு மிஞ்சியவர்களை அடிமைகளாக விற்றவன் அவன். அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் பெயர் அவனுடையது அல்ல. மாசிடோனிய அரசர்களில் அந்தப் பெயர் கொண்ட மூன்றாமவன் அவன். அவனுக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே, ஹோமரின் இலியட்டில் டிராய் இளவரசன் பாரிஸுக்கு அலெக்ஸாந்த்ரோஸ் என்ற பெயரும் உண்டு. காட்டில் ஆடுமாடு மேய்த்துக்கொண்டிருந்தபோது கொள்ளைக்காரர்களை விரட்டி மந்தையைக் காப்பாற்றியதால் அந்தப் பெயர் வந்தது என்று பழைய கதை சொல்கிறது. மந்தையைக் காத்த ஒரு பையன், அவ்வளவுதான்.

அதற்கும் முன்னால் போனால் ஒரு பெண் நிற்கிறாள். கிரேக்க நாட்டின் பழைய நகரமான மைசீனியில் கிடைத்த கி.மு. 13-ஆம் நூற்றாண்டுக் களிமண் பலகை ஒன்றில் அ-ரெ-க-ச-த-ர என்று ஆறு எழுத்துகள் இருக்கின்றன. அந்தப் பழைய எழுத்து முறையில் லகரத்துக்கும் ரகரத்துக்கும் தனித்தனி எழுத்து கிடையாது, மெய்யைத் தனியாக எழுதப் புள்ளியும் கிடையாது. ஆகவே அலெக்ஸாந்த்ரா என்ற பெண் பெயரை இப்படித்தான் எழுத முடிந்தது. 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் அந்த எழுத்தின் புதிரை விடுவித்த பிறகுதான் அவள் பெயரை மறுபடி வாசிக்க முடிந்தது.

நம் பக்கமும் இந்தப் பெயர் வந்திருக்கிறது. அசோகரின் 13-ஆம் பாறைக் கல்வெட்டில் கிரேக்க அரசர்களின் பட்டியலில் 'அலிகசுதர' என்று ஒருவர் வருகிறார். இவர் வேறொரு அலெக்சாண்டர், படையெடுத்தவர் இறந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து ஆண்டவர். அந்தப் பட்டியல் முடிந்த கையோடு தெற்கே சோழர், பாண்டியர், தாம்பரபர்ணி வரை என்று கல்வெட்டு போகிறது. உங்கள் பேரனின் பெயரும் உங்கள் தஞ்சைச் சீமையை ஆண்ட சோழர் பெயரும் ஒரே கல்லில் அடுத்தடுத்து இருக்கின்றன. அதுவும் போரை விட்டு தர்மத்தைப் பேசுகிற கல்வெட்டில்.

சரி, சிக்கந்தர். அதே பெயர்தான். அரபியில் 'அல்' என்பது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ஒட்டு. அலெக்சாண்டரின் முதல் பகுதியையும் அந்த ஒட்டு என்றே எடுத்துக்கொண்டு கழற்றிவிட்டார்கள். 'க்ஸ்' இடம் மாறி 'ஸ்க்' ஆனது. இஸ்கந்தர் என்று ஆகி, பாரசீகத்தில் சிக்கந்தர் என்றும் வழங்கியது. ஹைதராபாத் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரில் அமைந்ததுதான் செகந்திராபாத். அந்த ஸ்டேஷனில் ரயில் மாறுகிறவர்கள் எல்லாம் ஒரு கிரேக்கப் பெயரைச் சொல்லித்தான் டிக்கெட் எடுக்கிறார்கள்.

அப்புறம், உங்கள் வீட்டம்மா. வாயில் நுழையாத சிரமம் அவருக்கு மட்டும் இல்லை. ரஷ்யர்கள் சாஷா என்றும், இத்தாலியர்கள் சாந்த்ரோ என்றும், ஸ்காட்லாந்தில் சாண்டி என்றும் சுருக்கிக்கொண்டார்கள். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் மாவு மில் வைத்திருந்த அலெக்சாண்டர் அண்ணனை அவர் அம்மா சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது மில் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும்: "ஏய் சாண்டரு!" இடுப்பு வரை மாவு அப்பிய கோலத்தில் அவர் ஓடிவருவார்.

பேரனைச் சாண்டரு என்று கூப்பிட்டுப் பார்க்கும்படி பாட்டியிடம் சொல்லுங்கள். பேரன் திரும்பிப் பார்க்கிறானா என்று எனக்கு எழுதுங்கள்.