"இப்படி நடந்தாத்தாம்மா அவனுகளுக்குப் புரியும்"

ஆலோசகர் அம்மாவுக்கு வணக்கம்.

நாங்கள் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். வீட்டில் பேசுவது தமிழ்தான். என் வீட்டுக்காரர் பொள்ளாச்சியில் லாரி ஓட்டுகிறார். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். ஒரே பையன். ஏழாவது வரை தமிழ் மீடியம். மலையாளம் நன்றாக வந்தால்தான் இங்கே பிழைக்க முடியும் என்று எட்டாவதில் நாங்களே வேறு பள்ளியில் சேர்த்தோம். இப்போது ஒன்பதாவது.

ஓணம் லீவு முடிந்ததிலிருந்து அவன் அவனாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் வயிற்றுவலி என்கிறான். காலையில் நிரப்பிக் கொடுக்கிற தண்ணீர் பாட்டில் அப்படியே திரும்பி வருகிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூட இறக்காமல் பாத்ரூமுக்கு ஓடுகிறான். சட்டையை அவனே துவைத்துப் போடுகிறான். கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அதே பள்ளியில் படிக்கிற பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. ஐந்தாறு பையன்கள் இவனை, தமிழ் பேசுகிறவன் என்று இளக்காரமாக, "பாண்டி" என்றுதான் கூப்பிடுகிறார்களாம். மலையாளப் பாடம் வாசிக்கும்போது இவன் திக்கித் திணறியதை யாரோ செல்லில் பதிவு செய்து வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். மத்தியான இன்டர்வலில் இவன் உள்ளே போனதும் பாத்ரூம் கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டு, மேலே தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

இதைவிட என்னைப் பயமுறுத்துவது ஒரு படம். எஸ்டோனியா என்கிற நாட்டுப் படமாம். ஒரு பையனை வகுப்பே சேர்ந்து சித்திரவதை செய்கிறது. கடைசியில் அவனும் அவனுக்காக நின்ற இன்னொருவனும் துப்பாக்கியோடு பள்ளிக்கு வருகிறார்கள். இதையே இவன் திரும்பத் திரும்பப் பார்க்கிறான். ஏன் கண்ணு என்று கேட்டதற்கு, "இப்படி நடந்தாத்தாம்மா அவனுகளுக்குப் புரியும்" என்றான்.

செல்லைப் பிடுங்கி வைத்துவிடலாமா? என் தம்பி, "திருப்பி நாலு குடுறா, நான் பாத்துக்கறேன்" என்கிறான். இவர் டி.சி. வாங்கிப் பொள்ளாச்சிப் பக்கம் ஹாஸ்டலில் போட்டுவிடலாம் என்கிறார். பள்ளியில் போய்ச் சொன்னால் இன்னும் மோசமாகுமோ என்று எனக்குப் பயம். என்ன செய்வது?

ஒரு தாய்

*

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் முதலில் கவனிக்க வேண்டியது மகன் சொன்ன அந்த ஒரு வாக்கியம். "இப்படி நடந்தாத்தான் புரியும்" என்பதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். அவர்களை ஏதாவது செய்ய வேண்டும் என்பது ஒன்று. நான் இல்லாமல் போனால்தான் புரியும் என்பது இன்னொன்று. எது என்று நீங்களோ நானோ ஊகிக்கக் கூடாது. அவனிடமே கேட்க வேண்டும், இன்றைக்கே.

எதிரில் உட்கார வைத்து விசாரிக்காதீர்கள். துணி மடிக்கும்போதோ வண்டியில் போகும்போதோ, அவன் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயம் இல்லாத நேரத்தில் கேளுங்கள். "பள்ளிக்கூடத்துல உனக்கு என்ன நடக்குதுன்னு கொஞ்சம் தெரியும் கண்ணு. உன் மேல தப்பு இல்ல. உனக்குச் செத்துடலாம்னு தோணியிருக்கா?" இவ்வளவு நேராகக் கேட்கலாம். கேட்டால் இல்லாத நினைப்பை நாமே உண்டாக்கிவிடுவோமோ என்ற பயம் எல்லாத் தாய்க்கும் வரும். அப்படி உண்டாவதில்லை, ஒளித்து வைத்திருந்த பிள்ளைக்குப் பெரும்பாலும் மூச்சு விட்டது போல் இருக்கும். பதில் எதுவானாலும் அழாமல், திட்டாமல், "நீ சொன்னது நல்லதாப் போச்சு" என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு அதே குரலில், "அவங்களை ஏதாவது பண்ணணும்னு நினைச்சியா? யாரை? எப்படி?" என்றும் கேளுங்கள்.

ஆமாம் என்று சொன்னால், அதிலும் எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருந்தால், அவனைத் தனியாக விடாதீர்கள். தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிமருந்து, வீட்டிலுள்ள மாத்திரைகள் எல்லாம் அன்றே வீட்டை விட்டு வெளியே போய்விட வேண்டும், அல்லது பூட்டில் இருக்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும்; தமிழிலேயே பேசலாம். கேரள அரசின் திஷா உதவி எண் 1056. உடனடி ஆபத்து என்று தோன்றினால் போனோடு நிற்காமல் பக்கத்து அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். இல்லை என்று சொன்னாலும், ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி நிற்கும்வரை வாரம் ஒருமுறை இதே கேள்வியைக் கேளுங்கள்.

இனி அந்தப் படம். நீங்கள் சொல்லும் கதை 2007இல் எஸ்டோனியாவில் இல்மார் ராக் இயக்கிய "கிளாஸ்" படத்தினுடையது. நேர்மையான படம்தான். ஒருவனுக்காக இன்னொருவன் நின்றதும் வகுப்பு மொத்தமும் அவன் மேலும் பாய்வதை அது உள்ளபடி காட்டுகிறது. பெரியவர்கள் ஆளுக்கொரு துண்டைப் பார்க்கிறார்கள், முழுதாக ஒருவரும் கேட்பதில்லை. உங்கள் மகனுக்கு அதில் பிடித்திருப்பது துப்பாக்கிதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தனக்கு நடப்பதை உலகத்தில் யாரோ ஒருவர் பார்த்திருக்கிறார் என்கிற ஆறுதல்தான் பெரும்பாலும் பிள்ளைகளைத் திரும்பத் திரும்பப் பார்க்க வைக்கிறது. ஆனால் அதில் ஓர் ஆபத்தும் உண்டு. இந்த வகைப் படங்களில் வதைபடுகிற பிள்ளைக்குக் கதை இரண்டே வாசலைத் திறந்து வைக்கிறது, பழி அல்லது சாவு. செத்த பிறகு எல்லோரும் அழுது, உணர்ந்து, திருந்துவது போலக் காட்டிவிடுகிறார்கள். அந்தக் காட்சியைப் பார்க்க அந்தப் பிள்ளை இருக்காது என்பதைத் திரை சொல்வதில்லை. 2017இல் வந்த "13 ரீசன்ஸ் வை" தொடரின் முதல் பாகத்தில் ஒரு பள்ளி மாணவியின் தற்கொலையை விரிவாகக் காட்டியிருந்தார்கள். மருத்துவர்களின் எதிர்ப்புக்குப் பிறகு 2019 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸே அதை வெட்டி எடுத்தது.

படத்தைத் தடை செய்யாதீர்கள். ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். துப்பாக்கி வருவதற்கு வெகு முன்பே, அவன் முகம் மாறுகிற இடத்தில் நிறுத்தி, "இந்த இடத்துல யார் உள்ள வந்திருந்தா கதை மாறியிருக்கும்?" என்று கேளுங்கள். அவன் டீச்சர் என்று சொல்லலாம், அப்பா என்று சொல்லலாம், மூன்றாவது பெஞ்சு பையன் என்றும் சொல்லலாம். யாருடைய உதவியை அவன் எதிர்பார்க்கிறான் என்பது அதில் தெரிந்துவிடும்.

உங்கள் தம்பி அன்பினால்தான் சொல்கிறார். ஆனால் இது இரண்டு பையன்களின் சண்டை இல்லை. பள்ளிப் பிள்ளைகளிடையே நடக்கும் வதையை ஆராயும் துறையை உருவாக்கிய டான் ஓல்வியஸ் வகுத்த அளவுகோல் மூன்று: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, பலம் ஒரு பக்கமாக இருப்பது. (1982இல் நார்வேயில் பள்ளிச் சிறுவர்கள் மூன்று பேர் தற்கொலை செய்துகொண்ட பிறகு, 1983இல் நாடு முழுக்கப் பள்ளிகளில் இதற்கெதிரான இயக்கம் தொடங்கியது, அவருடைய திட்டம் அங்கிருந்து வளர்ந்தது.) உங்கள் மகன் விஷயத்தில் மூன்றும் இருக்கிறது. ஐந்து பேருக்கு எதிரே ஒருவன் கை ஓங்கினால் அடி வாங்குவது அவன்தான். அதோடு பள்ளிப் பதிவில் அது "இரு தரப்புச் சண்டை" ஆகிவிடும். பிறகு உங்கள் புகாருக்கு மதிப்பு இருக்காது.

செல்லைப் பிடுங்க வேண்டாம். சொன்னால் செல் போய்விடும் என்ற பயத்தில்தான் பல பிள்ளைகள் சொல்வதே இல்லை. தவிர, சாட்சி அதில்தான் இருக்கிறது. அந்தக் குரல் பதிவு, போட்டவரின் பெயர், தேதி, கீழே வந்த பதில்கள் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் போனுக்கு மாற்றுங்கள். அதற்குப் பிறகு அவன் குரூப்பைவிட்டு வெளியேறலாம். அந்தப் பதிவை உறவினர் யாருக்கும், "பாருங்க அநியாயத்தை" என்றுகூட அனுப்பாதீர்கள்.

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, நேரம், இடம், செய்தவர்கள், பார்த்தவர்கள், எந்த டீச்சரிடம் சொன்னான், அவர் என்ன செய்தார். இதில் இடம்தான் முக்கியம். பாத்ரூம், மாடிப்படி, ஒரு டீச்சர் போய் அடுத்தவர் வருவதற்குள் கிடைக்கும் சில நிமிடங்கள் என்று பெரியவர் கண் இல்லாத இடத்தில்தான் இது நடக்கும். தண்ணீர் பாட்டில் நிறைந்தே வருவதன் காரணமும் அதுதான்: பாத்ரூம் போகக் கூடாது என்று அவன் நாள் முழுக்கத் தாகத்தோடு இருக்கிறான். புகாரில் இதை எழுதுங்கள். எந்தத் தலைமையாசிரியருக்கும் உறைக்கிற வரி இது.

புகார் ஒரு பக்கம் போதும், ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் தேதியோடு கையெழுத்தும் சீலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மலையாளத்தில் எழுத வரவில்லையே என்று தயங்க வேண்டாம். 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் பெறலாம். தனியார் பள்ளி என்றால் தமிழில் எழுதி, மலையாளம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து ஒரு நகல் எழுதி வாங்கி இணையுங்கள். 1998ஆம் ஆண்டுக் கேரள ராகிங் தடைச் சட்டப்படி, எழுத்தில் புகார் வந்தால் நிறுவனத் தலைவர் 7 நாளுக்குள் விசாரிக்க வேண்டும்; முதல்கட்டத்தில் உண்மை என்று தெரிந்தால் மாணவரை சஸ்பெண்ட் செய்து, புகாரைப் போலீசுக்கு அனுப்ப வேண்டும். முதல் சந்திப்பிலேயே கேஸ் என்று மிரட்டாதீர்கள். ஆனால் சட்டம் உங்களுக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியட்டும்.

பள்ளியில் சொன்னால் மோசமாகுமோ என்ற உங்கள் பயம் நியாயமானது. எப்படிச் சொல்கிறோம், அவர்கள் எப்படிக் கையாள்கிறார்கள் என்பதில்தான் கெட்டுப்போகிறது. பெரும்பாலும் மூன்று தப்பு நடக்கும். வகுப்பு நடுவில் டீச்சர் நின்று, "யாரடா இவனைக் கிண்டல் செய்தது?" என்று கேட்பார், அன்று சாயங்காலமே இவன் காட்டிக்கொடுத்தவன் ஆகிவிடுவான். அல்லது இரு தரப்பையும் கூப்பிட்டுக் கைகுலுக்கச் சொல்வார்கள். பலம் சமமாக இல்லாத இடத்தில் இந்தச் சமரசம், அடித்தவனுக்கு விடுதலை, பட்டவனுக்கு இன்னொரு அவமானம். அல்லது இவனையே வேறு டிவிஷனுக்கு மாற்றுவார்கள்.

அதனால் என்ன வேண்டும் என்பதை நீங்களே கேளுங்கள். அந்தப் பையன்களை ஒரே நாளில், ஒவ்வொருவராகத் தனித்தனியே, பேசி வைத்துக்கொள்ள நேரம் கொடுக்காமல் அழைத்துப் பேச வேண்டும். மத்தியான இன்டர்வலில் பாத்ரூம் பக்கம் ஒரு ஆசிரியர் நிற்க வேண்டும். உங்கள் மகன் எப்போதும் போய்ச் சொல்லக்கூடிய ஒரு டீச்சர் பெயர் வேண்டும். குரூப்பிலிருந்து பதிவு நீக்கப்பட வேண்டும். ஒரு வாரத்தில் ஒரு முறை, ஒரு மாதத்தில் ஒரு முறை உங்களைக் கூப்பிட்டு நிலவரம் சொல்ல வேண்டும். பள்ளியில் கவுன்சிலர் இருந்தால் அவரும் அந்தச் சந்திப்பில் இருக்கட்டும். 7 நாளில் அசைவில்லை என்றால் 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள், மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் எழுதுங்கள்.

நான் அதிகம் நம்புவது சிரிக்காமல் இருந்த பையன்களை. பின்லாந்தின் கிறிஸ்டினா சால்மிவள்ளி இதில் விரிவாக ஆராய்ந்தார்: வதைப்பவன், பட்டவன் தவிர, கூடச் சேர்பவன், சிரித்து ஊக்குவிப்பவன், ஒதுங்கி நிற்பவன், தடுப்பவன் என்று வகுப்பில் எல்லோருக்கும் ஒரு பங்கு உண்டு. கனடாவில் பள்ளி மைதானங்களில் பதிவு செய்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், கூட இருந்த பிள்ளை ஒருவர் தலையிட்டபோது பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் 10 விநாடிக்குள் வதை நின்றது. அந்தக் குரல் பதிவுக்குச் சிரிப்பு போடாதவர்கள் யார் என்று மகனிடம் கேளுங்கள். இரண்டு பெயர் வரும். அவர்கள் இருவரையும் இன்டர்வலில் இவனோடு இருக்கும்படி டீச்சர் தனியாகக் கேட்டுக்கொண்டால் போதும். எதிர்த்துச் சண்டை போட வேண்டியதில்லை. கூட நடந்தால் போதும்.

"பாண்டி" என்ற சொல்லுக்கு வகுப்பில் ஏதாவது ஆசிரியர் சிரித்திருக்கிறாரா என்று கண்டிப்பாக விசாரியுங்கள். சிரித்திருந்தால் வேர் அங்கேதான்; புகாரின் முதல் வரி அதுவாக இருக்கட்டும். மலையாள வாசிப்புக்கு வீட்டில் தினம் இருபது நிமிடம் யாராவது உதவினால் நல்லது. ஆனால் "நீ நல்லாப் படிச்சா அவங்க சிரிக்க மாட்டாங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். இவனுடைய உச்சரிப்பு அவர்களுக்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

பள்ளி மாற்றுவதை நான் ஒதுக்கவில்லை. உடம்பில் காயம், பாலியல் சீண்டல் இருந்தால், அல்லது ஒரு மாதம் போயும் பள்ளி அசையவில்லை என்றால் மாற்றுங்கள். பாலியல் சீண்டல் என்றால் மாற்றுவதோடு விடாமல் போலீசுக்கோ 1098க்கோ சொல்லியாக வேண்டும். ஆனால் ஹாஸ்டல் இப்போது வேண்டாம். மனம் இவ்வளவு நொந்திருக்கும் பிள்ளை ராத்திரி உங்கள் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் தூங்க வேண்டும். பொள்ளாச்சிக்கு அனுப்பினாலும், அந்தக் குரல் பதிவு மாநில எல்லைச் செக்போஸ்ட்டோடு நின்றுவிடப் போவதும் இல்லை.

உங்கள் வீட்டுக்காரர் புகார் கொடுக்கும் நாளில் லோடு ஏற்றாமல் உங்களோடு வரட்டும். அப்பாவும் வந்திருக்கிறார் என்பதை மகன் பார்க்க வேண்டும். தம்பிக்கும் ஒரு வேலை இருக்கிறது. புகார் கொடுத்த அன்றிலிருந்து சில வாரம் பள்ளி விடும் நேரத்துக்கு வண்டியோடு கேட்டுக்கு வெளியே நிற்கட்டும். யாரையும் முறைக்க வேண்டாம், யாரிடமும் பேச வேண்டாம். மருமகனை ஏற்றிக்கொண்டு, வழியில் ஒரு டீ வாங்கிக் கொடுத்து வீட்டில் விட்டால் போதும்.