எந்த ஆட்டங்களைக் கூட்டினார்கள்?

கேள்வி: இரண்டு கால்பந்துக் கிளப்புகளின் மோதல் வரலாற்றைக் கலைக்களஞ்சியத்துக்காக எழுதுகிறேன். இரண்டு கிளப்புகளின் தளங்களும் வெற்றிக் கணக்கை வெவ்வேறாகக் காட்டுகின்றன. யாரை நம்புவது?

பதில்: பெரும்பாலும் இருவரும் பொய் சொல்வதில்லை; கூட்டிய ஆட்டங்கள்தான் வேறு. ஒருவர் நட்பு ஆட்டங்களையும் சேர்த்திருப்பார், இன்னொருவர் விட்டிருப்பார். பெனால்டி ஷூட்அவுட்டில் முடிந்த ஆட்டம் புள்ளிவிவரத்தில் டிரா, ரசிகர் கணக்கில் வெற்றி. கிரிக்கெட்டிலும் இந்தச் சிக்கல் உண்டு. 2007 டி20 உலகக் கோப்பையில், டர்பனில் நடந்த இந்தியா–பாகிஸ்தான் லீக் ஆட்டம் டை ஆனது. பிறகு பவுல்-அவுட்டில், அதாவது பேட்ஸ்மேன் இல்லாத ஸ்டம்பைப் பந்துவீசி வீழ்த்தும் முறையில், இந்தியா 3–0 என வென்றது. இதை வெற்றியாகச் சேர்க்கும் பட்டியலும் உண்டு, டை என்றே வைக்கும் பட்டியலும் உண்டு.

அதனால் அட்டவணைக்கு மேலேயே எழுதிவிடுங்கள்: எந்தத் தொடர்கள் சேர்ந்துள்ளன, ஷூட்அவுட் எப்படி எண்ணப்பட்டது, கணக்கு எந்தத் தேதி வரை. தேதி போடாவிட்டால், அடுத்த ஆட்டம் முடிந்த இரவே யாரோ ஒரு கட்டத்தை மட்டும் மாற்றுவார், மொத்தம் உதைக்கும். எண்களைக் கிளப் தளத்தைவிடப் போட்டி அமைப்பின் பதிவிலிருந்தோ சார்பற்ற புள்ளிவிவரத் தொகுப்பிலிருந்தோ எடுப்பது நல்லது. அவையும் முரண்பட்டால் இரண்டையும் கொடுத்து, ஏன் வேறுபடுகின்றன என்று ஒரு வரி சேருங்கள். பாதியை இதிலிருந்தும் பாதியை அதிலிருந்தும் எடுத்து ஒட்டினால், எந்த மூலத்திலும் இல்லாத ஓர் எண் பிறந்துவிடும்.

கேள்வி: சதி, மிரட்டல் போன்ற குற்றச்சாட்டுகளை எழுதலாமா?

பதில்: எழுதலாம், சொன்னவர் யார் என்பதோடு. 1943 ஸ்பெயின் கோப்பை அரையிறுதியில் ரியல் மாட்ரிட் 11–1 என பார்சிலோனாவை வென்றது உறுதியான செய்தி, நேராக எழுதுங்கள். பார்சிலோனா வீரர்கள் மிரட்டப்பட்டார்கள் என்பது அப்படியல்ல. அதை யார், எந்த ஆண்டில், எதை வைத்துச் சொன்னார் என்று பெயரிட்டே எழுத வேண்டும்; மறுப்பவர் இருந்தால் அவருக்கும் இடம் வேண்டும். இரண்டு ஆட்டங்களாக நடந்த அந்த அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் பார்சிலோனா 3–0 என வென்றிருந்ததை விட்டுவிடுவதும் ஒரு சாய்வுதான். இந்தச் சாய்வு எளிதில் கண்ணில் படாது, ஏனென்றால் எழுதிய வரிகள் எல்லாம் உண்மையாகவே இருக்கும்.

கேள்வி: 'பரம எதிரிகள்' என்று நாளிதழ் எழுதினால், இரண்டு கிளப்புகளுக்கும் இடையே தனி மோதல் உண்டு என்பதற்கு அது சான்று ஆகாதா?

பதில்: ஆட்ட முன்னோட்டத்தில் ஒரு முறை வந்தால் ஆகாது, அது விளம்பர மொழி. அந்த மோதலையே பொருளாக எடுத்து விரிவாக எழுதிய, அணிகளைச் சாராத மூலங்கள் இரண்டு மூன்றாவது தேவை. அவற்றின் தேதியையும் பாருங்கள். கலைக்களஞ்சியக் கட்டுரைக்குப் பின் வந்த செய்தி, அந்தக் கட்டுரையிலிருந்தே எடுத்ததாக இருக்கலாம்.